நீக்கினார்களா, சேர்க்கவில்லையா?

திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு விசித்திரமான நிலைமை உண்டு. சொத்து வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. 2011-லிருந்து ஊர் மாநகராட்சியின் முதலாவது மண்டலம். 2018-ல் வருவாய்க் கணக்கிலும் சென்னை மாவட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியல் மட்டும் இன்னும் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில்தான். தொகுதி எண் 10. அடுத்து வரும் ஆர்.கே. நகர் எண் 11, அது சென்னை. அதனால் 2025 டிசம்பர் 19-ம் தேதி வரைவுப் பட்டியல் வெளியாகி, "சென்னையில் 14.25 லட்சம் பெயர்கள் இல்லை" என்று செய்தி ஓடியபோது, அந்த எண்ணிக்கைக்குள் திருவொற்றியூரும் எண்ணூரும் வரவேயில்லை. இந்த ஊர்க்காரர்கள் தங்கள் கணக்கைத் திருவள்ளூர்ப் பக்கத்தில் தேட வேண்டியிருந்தது.

முதலில் எண்களை ஒருமுறை பார்த்துவிடலாம். சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது எஸ்.ஐ.ஆர்., தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ல் தொடங்கியது. அதற்கு முன் மாநிலத்தில் 6.41 கோடி வாக்காளர்கள். வரைவில் இருந்தது 5.43 கோடி. சென்னையின் 16 தொகுதிகளில் 40.04 லட்சம் 25.79 லட்சமாகச் சுருங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போய்விட்டது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நேரம்.

போன 97 லட்சத்தில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இரட்டைப் பதிவு 3.4 லட்சத்தை ஒட்டி. மீதியில் பெரும்பங்கு, 66 லட்சத்துக்கும் மேல், "குடிபெயர்ந்தவர் அல்லது முகவரியில் இல்லாதவர்".

இதை வைத்து ஒரு தரப்பு "எல்லாம் சதி" என்றது. இன்னொரு தரப்பு "எல்லாம் குப்பை, பெருக்கித் தள்ளியாச்சு" என்றது. எனக்கு இந்த இரண்டையும் விட ஒரு பழைய கேள்விதான் உதவியாக இருக்கிறது. ஒரு பெயர் மேல் சந்தேகம் வந்தால் நிரூபிக்க வேண்டியது யார்? பட்டியல் எழுதுகிற அரசா, பட்டியலில் இருக்கிற ஆளா? வாக்காளர் பட்டியலின் வரலாறு முழுக்க இந்தச் சுமை இங்கேயும் அங்கேயும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

பட்டியலில் குப்பையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு வடசென்னையே சாட்சி. 2017 ஏப்ரலில் நடக்க இருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவால் ரத்தானது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தொகுதியில் போலி வாக்காளர்கள் இருக்கிறார்கள் என்று தி.மு.க. உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், சுமார் 45 ஆயிரம் பெயர்கள் எடுக்கப்பட்டதும் அவ்வளவாக நினைவில் இல்லை. ஏப்ரலில் 2.62 லட்சமாக இருந்த பட்டியல், டிசம்பர் 21-ல் தேர்தல் நடந்தபோது 2.28 லட்சம். செத்தவர் பெயரில் ஓட்டு விழுந்தால் உயிரோடு இருக்கிறவர் ஓட்டின் மதிப்புதான் குறையும். ஆகவே பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் தகராறு இல்லை. எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் தகராறு.

அந்த "எப்படி" என்பது திருவொற்றியூர் மாதிரி ஊரில் ஏன் கூர்மையாகிறது? இங்கே வீடு மாறுவது ஒரு செய்தியே இல்லை. கடல் அரிப்பில் கரையோரக் குப்பங்கள் வரிசை வரிசையாக வீடுகளை இழந்திருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு கார்கில் நகர் தற்காலிகக் கொட்டகைகளுக்கு வந்தவர்கள் பலர். அங்கிருந்து எர்ணாவூர்க் குடியிருப்புக்குப் போனவர்கள் பலர். எண்ணூர் விரைவுச் சாலையை அகலப்படுத்தியபோது நகர்ந்தவர்கள் உண்டு. தொழிற்சாலை ஒப்பந்த வேலை முடிந்தால் வாடகை வீடும் மாறும். வாடகைக்குப் பல இடங்களில் காகிதமே கிடையாது, அட்வான்ஸும் வாய்ப்பேச்சும்தான். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இப்படிப்பட்ட வீட்டுக் கதவைத் தட்டி, "ஆள் இல்லை" என்று எழுதுவது சுலபம். அந்தக் குறிப்பு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது அன்றைக்கு அந்த மணி நேரத்தைப் பற்றிய உண்மை மட்டுமே.

இனி கொஞ்சம் பின்னால் போவோம். 1948. ஒரே வருஷத்தில் பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு, இதே கேள்விக்கு நேரெதிர் பதில் சொன்ன வருஷம் அது.

இந்தியாவில் அரசியல் நிர்ணய சபைச் செயலகம், அரசமைப்புச் சட்டம் முடிவாவதற்கு முன்பே, வயது வந்த எல்லோருக்கும் வாக்காளர் பட்டியல் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. பிரிவினையில் வந்த அகதிகள் லட்சக்கணக்கில் முகாம்களிலும் சாலையோரங்களிலும் இருந்தார்கள். முகவரி கிடையாது, எவ்வளவு காலமாக வசிக்கிறார்கள் என்று காட்ட ஆதாரமும் கிடையாது. பட்டியலில் சேர்ப்பதா? "இங்கேயே நிரந்தரமாக வாழப்போகிறேன்" என்று அவர்கள் அறிவித்தால் போதும், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகளுக்கு உத்தரவு போனது. சந்தேகத்தின் பலன் ஆளுக்குப் போனது.

அதற்காக அந்தப் பட்டியல் மாசற்றது என்று சொல்லவில்லை. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு முன் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் விடுபட்டார்கள். பெரும்பாலும் வடமாநிலங்களில். கணக்கெடுப்பவரிடம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்று பதிந்ததுதான் காரணம். பெயர் இல்லாத பதிவை ஏற்க முடியாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். முடிவு சரிதானா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விடுபட்டது எத்தனை பேர், எதனால் என்பதைத் தேர்தல் ஆணையமே தன் அறிக்கையில் எழுதி வைத்தது. அதனால்தான் இன்று நாம் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

அதே 1948-ல் கடலுக்கு அந்தப் பக்கம் வேறு கதை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் போட்ட ஓட்டு அது. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலேயே பிறந்தவராக இருந்தாலும், தகப்பனாரும் இலங்கையில் பிறந்தவர், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் செத்த தலைமுறைகளிடம் எந்தப் பாட்டனுடைய பிறப்புப் பத்திரம் இருக்கும்? 1949-ல் 48-ம் இலக்கச் சட்டம் தேர்தல் சட்டத்தைத் திருத்தியது: குடிமக்கள் மட்டுமே வாக்காளர் பட்டியலில் இருக்கலாம். 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை.

இதை எதிர்த்து கோடகன் பிள்ளை என்பவர் ருவான்வெல்ல தொகுதிப் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி வழக்காடினார். திருத்த அதிகாரி சேர்க்கச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 1951-ல் அந்த உத்தரவை ரத்து செய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1953-ல் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்படவில்லை, குடியுரிமை யாருக்கு என்று வரையறுக்க நாட்டுக்கு உரிமை உண்டு என்பதுதான் பதில். எல்லோருக்கும் ஒரே விதி. ஆனால் அந்த விதி கேட்ட காகிதம் ஒரு சாராரிடம் மட்டும் இல்லை. அந்தக் கணக்கு முழுதாகத் தீர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்த குடும்பங்கள், எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தந்த 2003 சட்டம் வரை அது நீண்டது.

2025-ஐயும் 1949-ஐயும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே போனது குடியுரிமை. இங்கே போனது பட்டியலில் ஒரு வரி, அதைத் திரும்பச் சேர்க்க வழியும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம் வேறு. நிரூபிக்கும் சுமையை ஆள் மேல் ஏற்றியதும், பொதுவான விதிகூட எப்படி ஏழை வீட்டுக் கதவை மட்டும் தேடிப் போகும் என்பது அங்கே பளிச்சென்று தெரிகிறது.

இந்தியச் சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ம் பிரிவு, ஒருவர் தற்காலிகமாக ஊரில் இல்லை என்பதாலேயே "சாதாரணமாக வசிப்பவர்" என்ற நிலையை இழக்க மாட்டார் என்கிறது. கடலுக்குப் போன காசிமேட்டுக்காரருக்கே எழுதிய மாதிரி இருக்கும். 22-ம் பிரிவு இன்னும் முக்கியம். "இவர் இங்கே இப்போது வசிக்கவில்லை" என்று பெயரை எடுப்பதற்கு முன், சம்பந்தப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் இது சோதனைக்கு வந்தது. வெளிநாட்டினரைக் களைகிறோம் என்று மும்பை, டெல்லி குடிசைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் போனது. நீங்கள் இந்தியர் என்று நிரூபியுங்கள், இல்லாவிட்டால் பெயர் போகும். லால் பாபு உசேன் வழக்கில் 1995 பிப்ரவரி 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஏற்கெனவே பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறதென்றால், ஒரு காலத்தில் ஓர் அதிகாரி விசாரித்துத்தான் சேர்த்திருப்பார். அந்த விசாரணைக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். எடுக்க நினைத்தால் காரணத்தைச் சொல்லி, பதிலைக் கேட்டு, போலீஸ் அறிக்கையை அப்படியே நம்பாமல் பதிவு அலுவலர் தாமே யோசித்து முடிவெடுக்க வேண்டும். சுமை மறுபடியும் அரசின் தோளுக்குப் போனது.

அப்படியானால் 2025-ல் என்ன நடந்தது? இங்கேதான் தலைப்பில் உள்ள கேள்வி வருகிறது. எஸ்.ஐ.ஆர். நடந்தது அதே சட்டத்தின் 21(3) பிரிவின் கீழ். ஆணையத்தின் பார்வையில் இது பழைய பட்டியலிலிருந்து பெயரை எடுக்கும் வேலை இல்லை; பட்டியலைப் புதிதாக எழுதும் வேலை. அச்சிட்ட படிவத்தைப் பி.எல்.ஓ. வீட்டுக்குக் கொண்டுவருவார். கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் வரைவில் பெயர் வரும். கொடுக்காவிட்டால் வராது. அவ்வளவுதான். யாரையும் "நீக்கவில்லை", எனவே ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கட்டாயமும் எழவில்லை. பெயர் வராதவர்கள் படிவம் 6 நிரப்பிப் புதிய வாக்காளர் போலச் சேர்ந்துகொள்ளலாம். நீக்கமாக இருந்தால் 66 லட்சம் விசாரணை வேண்டும். சேராமையாக இருந்தால் ஒன்றும் வேண்டாம். ஒரு சொல் மாறியதில் சுமை கைமாறிவிட்டது.

நடைமுறையிலும் அந்தச் சுமை லேசாக இல்லை. 2002, 2005 ஆண்டுகளின் பழைய பட்டியலில் உங்கள் பெயர் அல்லது அப்பா அம்மா பெயர் எங்கே, எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று படிவம் கேட்டது. அது 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முந்தைய காலம். மாதவரம் என்றொரு தொகுதியே அப்போது கிடையாது. கேட்டது நவம்பரில், மழைக்காலத்தில். டிட்வா புயலின் மிச்சம் டிசம்பர் முதல் வாரத்தில் வடசென்னையை நனைத்தெடுத்தது. பி.எல்.ஓ.க்களில் பலர் அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியர்கள், மாநகராட்சிப் பணியாளர்கள். சொந்த வேலையோடு இதையும் சுமந்தவர்கள். மூன்று முறை வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. "அக்கா, எதிர் வூட்டுக்காரங்க எப்போ வருவாங்க?" என்று கேட்டால், பக்கத்து வீட்டம்மா "தெரியலைம்மா" என்றுதானே சொல்வார்? கெடு டிசம்பர் 4-லிருந்து 11, பிறகு 14 என்று நீண்டது. முதலில் வைத்த கெடு போதவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இதற்கு முன் பீகாரில் வரைவில் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, யார் யார், என்ன காரணம் என்று பட்டியலாக வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் விடுபட்டோர் பட்டியல் காரணத்தோடு கிடைத்ததற்கு அந்த உத்தரவு போட்ட பாதைதான் காரணம். அதைப் பார்த்து விண்ணப்பித்தவர்கள் பல லட்சம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்தப் பட்டியலைத் தேடிப் பார்ப்பவர் யார்? தான் விடுபட்டிருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர். போன், நேரம், படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை, வீட்டில் இருக்கிறவர். "போன தடவையும் ஓட்டுப் போட்டேனே, எனக்கு என்ன?" என்று நினைக்கிறவர் தேட மாட்டார்.

தேர்தல் நெருங்க நெருங்க இதன் விலை கூடும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் முடிந்ததும் பட்டியல் பூட்டப்படுகிறது. அதற்கு மேல் பெயரைச் சேர்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. வாக்குச்சாவடியில் வாக்காளர் அட்டையை நீட்டினாலும், பட்டியலில் வரி இல்லையென்றால் மை இல்லை. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம் போகலாம், தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். அதற்குள் அந்தத் தேர்தல் முடிந்திருக்கும்.

ஆகவே அடுத்த முறை "இத்தனை லட்சம் பெயர் நீக்கம்" என்ற செய்தியைப் பார்த்தால், எண்ணிக்கைக்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கேட்கலாம். அந்தப் பெயர்களுக்கு உரியவர்களிடம் முன்கூட்டியே யாராவது சொன்னார்களா? தவறு நடந்திருந்தால் அதைத் திருத்த அலைய வேண்டியது அலுவலகமா, அவரா? 1948-ல் முகவரியே இல்லாத அகதியின் வாய்வார்த்தையை நம்பிப் பட்டியல் எழுதிய நாடு இது. எர்ணாவூருக்கு வீடு மாறிப் போனவரைத் தேடிக் கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டமான வேலை இல்லை.