குடம்புளி மாத்திரையும் ஆர்லிஸ்டாட்டும்

உடம்பு குறைய ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று மருந்துக்கடையில் கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று கைக்கு வரும். ஒன்று, பழமும் பச்சை இலையும் படம் போட்ட கார்சீனியா டப்பா. மற்றொன்று, படம் எதுவும் இல்லாத ஆர்லிஸ்டாட் அட்டை. முன்னது துணை உணவு, பின்னது மருந்து. வாங்குகிறவருக்கு இரண்டும் 'வெயிட் குறைக்கிற மாத்திரை'தான். ஆனால் இரண்டும் கடந்து வந்த சோதனைகள் வேறு, காட்டிய பலனும் வேறு.

கார்சீனியா என்றதும் ஏதோ அமேசான் காட்டுப் பழம் என்று நினைக்க வேண்டாம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் குடம்புளிதான் அது. மலையாளிகளின் மீன்குழம்பில் கறுத்துச் சுருண்டு கிடக்குமே, அந்தத் தோல். இலங்கையில் இதைக் கொறக்கா என்பார்கள். அதன் புளிப்புக்கு முதன்மைக் காரணம் ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று 1965இல் கண்டு சொன்னவர்கள் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும். நாம் உண்ணும் மாவுச்சத்தில் மிஞ்சியதை உடம்பு கொழுப்பாக மாற்றும்போது அதற்குத் துணைபோகும் ஒரு நொதியை இந்த அமிலம் முடக்கும் என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. 1970களில் ரோஷ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் சாப்பாட்டைக் குறைத்தன, எடை ஏறுவதும் குறைந்தது.

எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை. நியூயார்க்கில் 135 பேரை வைத்து நடந்த சோதனை 1998இல் வெளியானது. எல்லாருக்கும் நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த உணவு. பாதிப்பேருக்கு நாளுக்கு 1,500 மில்லிகிராம் அமிலம், மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. 12 வாரம் கழித்து எடை பார்த்தபோது, அமிலம் சாப்பிட்டவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ! புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனாலும் விளம்பரத்தில் இந்த எண்ணை யாரும் போடமாட்டார்கள். பிறகு, பல சிறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில் கூடுதல் பலன் சுமார் 0.9 கிலோ என்று வந்தது. அதிலும் செம்மையாக நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்தால் அதுவும் நிற்கவில்லை. காரணம் ஓரளவு புரிகிறது. அன்றாடச் சாப்பாட்டில் மனித உடம்பு மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பு செய்வது சொற்பம். நம் தொப்பையில் சேருவதில் பெரும்பங்கு சாப்பிட்ட கொழுப்பேதான். நடக்காத வேலையைத் தடுத்து என்ன மிச்சம்?

இத்தனைக்குப் பிறகும் 2012இல் அமெரிக்கத் தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மெத் ஆஸ் கார்சீனியாவைப் புகழ்ந்து பேசினார், விற்பனை எகிறியது. இப்படிப்பட்ட பேச்சுக்காக 2014இல் செனட் துணைக்குழு முன் அவர் பதில் சொல்ல வேண்டிவந்தது.

ஆர்லிஸ்டாட் கதை வேறு. இது ஒரு மண் நுண்ணுயிரி சுரக்கும் பொருளிலிருந்து உருவாக்கப்பட்டது. கொண்டுவந்தது, முன்பு குடம்புளி அமிலத்தை எலிகளிடம் சோதித்த அதே ரோஷ். 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது ரத்தத்தில் கலந்து வேலை செய்வதில்லை. குடலுக்குள்ளேயே நின்று, கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுக்கிறது. சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் செரிக்காமல் வெளியேறும்.

அது வெளியேறும் விதத்தைக் கொஞ்சம் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். மதியம் பிரியாணி, மாலை பஜ்ஜி என்று போனால் கழிப்பறையில் எண்ணெய் மிதக்கும். அவசரம் தாங்காது. காற்றுப் பிரியும்போது உள்ளாடையில் எண்ணெய்க் கறை படும். இந்தச் சங்கடத்துக்குப் பயந்தே பலர் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். மருந்தின் பலனில் ஒரு பங்கு இந்தப் பயத்துக்கும் உரியது என்பேன்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 60 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறவருக்கு 18 கிராம் வீணாகும், அதாவது சுமார் 160 கலோரி, மூன்று இட்லி அளவு. சோற்றையும் இனிப்பு பானத்தையும் நம்பி எடை ஏறியவருக்கு இந்த மருந்து தடுப்பதற்கு அதிகம் இருக்காது. நம் ஊரில் பலரின் சங்கடமே சோறுதான்.

சுவீடனில் 3,300க்கும் மேற்பட்டோரை 4 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் வந்தது. இரு பிரிவுக்கும் உணவுக் கட்டுப்பாடு, தினம் ஒரு கிலோமீட்டராவது கூடுதல் நடை. முதலாண்டு முடிவில் ஆர்லிஸ்டாட் பிரிவு 10.6 கிலோ, வெற்று மாத்திரைப் பிரிவு 6.2 கிலோ குறைந்தன. நான்காம் ஆண்டில் அது 5.8, 3.0 என்று சுருங்கியது. மருந்து தந்த கூடுதல், கடைசியில் 3 கிலோவுக்கும் கீழே. ஆனால் வெற்று மாத்திரைப் பிரிவில் 9 சதவீதம் பேருக்கு வந்த நீரிழிவு, மருந்துப் பிரிவில் 6.2 சதவீதம் பேருக்கே வந்தது; அதைச் சிறிய லாபம் என்று தள்ள முடியாது. மருந்துப் பிரிவில் ஏறக்குறையப் பாதிப்பேர் நான்காண்டு முடியும்வரை தொடரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டு சோதனைகளிலும் என் கண்ணை உறுத்துவது வெற்று மாத்திரைக்காரர்கள்தான். அங்கே 4.1, இங்கே முதலாண்டில் 6.2. அங்கே உணவும், இங்கே உணவோடு நடையும் தந்தது அவ்வளவு. ஆர்லிஸ்டாட் அதன்மேல் ஓரளவு சேர்த்தது. குடம்புளி ஒன்றும் சேர்க்கவில்லை. இன்று பேசப்படும் செமாக்ளூடைட் ஊசி இந்த இரண்டையும்விடப் பல மடங்கு பலன் காட்டியிருக்கிறது, நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதோடு. அதைத் தனியாக எழுத வேண்டும்.

'இயற்கையானது, கெடுதல் செய்யாது' என்ற வாதம் மிச்சம். குழம்பில் போடும் குடம்புளியால் பயமில்லை. சாறு இறுக்கிய கேப்சூல் விஷயம் வேறு. கார்சீனியா சாப்பிட்டு ஈரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். சில துணை உணவுகளில், இதய ஆபத்துக்காக 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் மருந்தே ரகசியமாகக் கலந்திருந்தது பிடிபட்டிருக்கிறது. ஆர்லிஸ்டாட்டும் தூய வெள்ளையல்ல: ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வதைக் குறைக்கும், தைராய்டு மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், அரிதாக ஈரலையும் தாக்கியிருக்கிறது. ஆனால் அந்தக் குறைகள் மருந்தோடு வரும் தாளில் அச்சாகியிருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு: கார்சீனியாவுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆர்லிஸ்டாட் வேண்டுமா என்பதை, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது எடை குறைப்பு மாத்திரை சாப்பிட்டு வருபவருக்குச் சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலோ கண் மஞ்சளித்தாலோ, அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.