ரத்தப் பரிசோதனையும் கல்யாண அவசரமும்

2006 ஜனவரியில் பிரிட்டன் பேப்பர்களில் ஒரு செய்தி அமர்க்களப்பட்டது. 'பிளான் அஹெட்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை, விலை 179 பவுண்டு. கருமுட்டை இருப்பை அளந்து அடுத்த இரண்டு வருட நிலவரத்தைச் சொல்லிவிடுமாம். 2010 ஜூனில் ரோம் மாநாட்டிலிருந்து அடுத்த செய்தி. மாதவிடாய் நிற்கும் வயதை இருபதுகளிலேயே கணித்துவிடலாம் என்றார்கள். இரானில் 266 பெண்களிடம் செய்த ஆய்வு அது. ஆய்வு முடிவதற்குள் நிஜமாகவே மாதவிடாய் நின்றவர்கள் 63 பேர்தான். தலைப்புச் செய்தியில் அதற்கெல்லாம் எங்கே இடம்!

இரண்டு செய்திக்கும் நாயகன் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன். இதன் பூர்வீகமே வேறு. 1947ல் பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் முயல் கருக்களை ஆராய்ந்தபோது, ஆண் கருவில் கருப்பை உருவாகாமல் தடுக்கும் ஏதோ ஒன்று விரையிலிருந்து சுரக்கிறது என்று கண்டார். பெண்களின் சினைப்பையிலும் இது சுரப்பது பிறகுதான் தெரிந்தது. சோதனைக்குழாய் சிகிச்சையில் ஊசி மருந்துக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க இது நன்றாகவே உதவுகிறது. ஆனால் முட்டையின் தரத்தைச் சொல்லாது.

சயானில் இருக்கும் என் அக்கா மகளுக்கு 29 வயது. ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் இந்த எண் குறைவாக வந்துவிட்டது. "பேப்பர்லயே போட்டிருக்கான்டா, தை பொறந்ததும் முடிச்சாகணும்" என்று அக்கா தினமும் போன். ஒரு எண்ணுக்காக முன்பின் தெரியாத ஒருத்தனுக்கு அவசரமாகத் தலையாட்ட வேண்டுமா?

2017ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது. குழந்தைக்கு அப்போதுதான் முயற்சி தொடங்கிய, 30 முதல் 44 வயதுள்ள 750 பெண்கள். ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களில் 12 மாதச் சுழற்சிக்குள் கருத்தரிக்கும் வாய்ப்பு 84 சதவீதம், சரியாக இருந்தவர்களுக்கு 75. புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. 2019ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும், குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களுக்கு இதை வைத்து ஆலோசனை சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது.

சயானிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பரேல். அங்கே கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் 1986 ஆகஸ்ட் 6ல் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவின் முயற்சியில் சோதனைக்குழாய்க் குழந்தை ஹர்ஷா பிறந்தாள். ஆனால் 1978லேயே கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி இதைச் செய்திருந்தார். அரசு கமிட்டி நம்பவில்லை. 1981ல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, 1997ல் அவரே முதல்வர் என்று சொன்னவர் ஹிந்துஜாவோடு வேலை செய்த விஞ்ஞானி ஆனந்த் குமார். அன்று நம்பாமல் கெட்டோம், இன்று கண்ணை மூடி நம்பிக் கெடுகிறோம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், ஆதாரத்தைப் புரட்டிப் பார்ப்பது.

எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? சிகிச்சைக்கு வந்தவர்களா, சாதாரணப் பெண்களா? எண்ணியது முட்டையையா, குழந்தையையா? விற்பவர் யார்? இந்த நாலு கேள்வி போதும்.

வயது ஏற ஏற வாய்ப்பு குறைவது நிஜம். ஒரு வருடம் முயன்றும் பலனில்லை என்றால் (35 தாண்டியவர்களுக்கு ஆறு மாதம்) டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன்னால் வரும் எண்ணைக் காட்டிப் பெண்ணை மிரட்ட வேண்டாம்.