சுழலும் பொறியும் ஆற்றலைத் தேடிய மனிதனும்



எங்கள் கெர்லிங் வட்டாரத் தோட்டப்புற இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை வாங்கிய மறுமாதமே அதன் பொறியைக் கழற்றி வேகத்தைக் கூட்ட முயல்வதைப் பலரும் கண்டிருப்பீர்கள். சாலையில் பொறி நின்றால் ஓரமாகத் தள்ளிச் செல்லலாம். வானத்தில் நின்றால் என்ன செய்வது? தம் கையால் வானூர்தி கட்டியோர் அனைவரும் எதிர்கொண்ட இக்கேள்வியின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

தமிழ் மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம், சென்னையில் உணவு விடுதி நடத்திய கியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே வடிவமைத்த இரட்டை இறக்கை வானூர்தியைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அதனைக் கட்டிக் கொடுத்தது சென்னை சிம்சன் நிறுவனத்தின் பட்டறை. அதில் பொருத்தியது குறைந்த குதிரைத்திறன் கொண்ட சிறு பொறியே. இந்தியாவின் முதல் பறப்புகளுள் ஒன்று இவ்வாறு ஒரு தனிமனிதரின் ஆர்வத்தால் நிகழ்ந்தது என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

மறு ஆண்டு, 1911 மார்ச் 16ஆம் நாள், ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியர் சிங்கப்பூரின் பழைய குதிரைப் பந்தயத் திடலில் பிரிஸ்டல் வானூர்தியை ஓட்டிக் காட்டினார். அவ்வகை வானூர்திகளைப் பெரும்பாலும் இயக்கியது பிரான்சின் செகான் சகோதரர்கள் உருவாக்கிய 50 குதிரைத்திறன் ‘நோம்’ சுழல்பொறி. அதில் நடுத்தண்டு அசையாது நிற்க, 7 உருளைகளும் இறக்கைவிசிறியோடு சேர்ந்து சுழலும். சுழற்சியே காற்றை வாரி வழங்கிப் பொறியைக் குளிரச் செய்தது. அதற்கு மசகெண்ணெய் எது தெரியுமா? நம் பாட்டிமார் கையாண்ட ஆமணக்கெண்ணெய்தான்!

பின்னர் ஆற்றலைக் கூட்டும் போட்டி எழுந்தது. இரு பொறிகளை ஒன்றாக இணைத்து 14 உருளைகளும் 100 குதிரைத்திறனும் பெற்றனர். முதல் உலகப் போரின்போது பென்ட்லி என்னும் ஆங்கிலேயர் அலுமினியத்தைப் பயன்படுத்தி வெப்பத்தை எளிதில் வெளியேற்றி, 150 குதிரைத்திறன் தரும் பொறியை உருவாக்கினார். ஆனால் எடை மிக்க பொறி முழுவதும் பம்பரம்போல் சுழன்றதால், திரும்பும்போது வானூர்தி ஒரு பக்கமாக இழுபட்டது. சாப்வித் கேமல் வானூர்தியில் பயிற்சி பெற்ற இளைஞர் பலர் இதனால் உயிரிழந்தனர். 1920களில் அவ்வகைப் பொறி வழக்கொழிந்தது.

ஆயினும் ‘ரோட்டரி’ என்ற பெயர் வேறு வடிவில் மீண்டும் வந்தது. ஜெர்மானியரான ஃபீலிக்ஸ் வாங்கலின் பொறி 1957இல் முதன்முதலாக இயங்கியது. இங்கு உருளையோ வால்வோ கிடையாது. முக்கோண வடிவச் சுழலி ஒன்று அறைக்குள் சுழல்கிறது. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் இதனை மகிழுந்துகளில் வளர்த்தெடுத்தது. அதன் ‘13பி’ பொறி 1308 கன செண்டிமீட்டர் கொள்ளளவே உடையது. அளவில் சிறியது, அதிர்வு குறைந்தது. ஆகவே அமெரிக்கா முதலிய நாடுகளில் வீட்டுக் கொட்டகையில் வானூர்தி கட்டுவோர் பழைய மகிழுந்துகளிலிருந்து அதனைக் கழற்றிப் பொருத்தலாயினர்.

அவர்கள் ஆற்றலைக் கூட்டிய வழிகள் நான்கு. காற்று நுழையும் துளைகளைச் செதுக்கிப் பெரிதாக்குதல். டர்போ பொருத்திக் காற்றை அழுத்திச் செலுத்துதல். மூன்றாவது சுழலியைச் சேர்த்தல். பொறியை விரைவாகச் சுழலவிட்டுப் பல்சக்கரப் பெட்டியால் இறக்கைவிசிறியின் வேகத்தைக் குறைத்தல். பொறித்தண்டு நிமிடத்திற்கு 6000 முறை சுழன்றால், 2.17க்கு 1 என்ற விகிதப் பெட்டி அதனை ஏறத்தாழ 2760ஆகக் குறைக்கும். சிறு வானூர்தியின் விசிறிக்கு அதுவே ஏற்ற வேகம்.

ஆனால் ஒவ்வொரு கூடுதல் குதிரைத்திறனுக்கும் விலை உண்டு. கூடுதல் எரிபொருள் எரிந்தால் கூடுதல் வெப்பம் பிறக்கும். இப்பொறியில் மசகெண்ணெயும் அவ்வெப்பத்தில் கணிசமான பங்கைச் சுமக்கிறது. குளிர்விப்பான் சிறிதாயின் பொறி கொதிக்கும். பெரிதாயின் காற்றுத்தடை கூடிப் பெற்ற ஆற்றலை விழுங்கும். டர்போவின் அழுத்தம் மிகுந்து எரிபொருள் நேரம் தவறி வெடித்தால், சுழலியின் முனை அடைப்பு உடையும். மகிழுந்து சில நொடிகளே முழு ஆற்றலில் ஓடுகிறது. வானூர்தியோ மேலேறும்போது பல நிமிடங்கள் தொடர்ந்து அதனைக் கேட்கிறது. எனவே அனுபவம் மிக்கோர் துளையைச் செதுக்குவதற்கு முன் குளிர்விப்பானையும் எரிபொருள் குழாயையும் செம்மைப்படுத்தினர். தரையில் பல மணி நேரம் ஓட்டிப் பார்த்த பின்னரே வானேறினர்.

இருவகைப் பொறிகளும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன: ஆற்றலைக் கூட்டுவது பாதி வேலை, கூட்டிய ஆற்றலைத் தாங்கும்படி மற்றவற்றை அமைப்பதே மீதி. நம் பிள்ளைகளின் கைகளில் ஆர்வமும் திறனும் நிறைய உள்ளன. அவர்கள் பொறியைக் கழற்றும்போது வைவதை விடுத்து, வெப்பமும் விகிதமும் கணக்கிடக் கற்றுக் கொடுப்போம். சாலையில் இழக்கும் உயிர்கள் குறையும்; நாளை ஒரு பொறியாளரும் நமக்குக் கிடைக்கக்கூடும்.