லாகூரிலிருந்து டெக்சாஸுக்குச் சென்ற பற்கள்: கண்ணுக்குத் தெரியாத கிளிப்பின் வரலாறு

2015 நவம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் விந்தையான ஒரு கேள்விக்கு விடையளித்தது. பாகிஸ்தானில் ஒரு கணினித் திரையில் வரிசைப்படுத்தப்பட்ட பற்களின் டிஜிட்டல் கோப்பு, இணையத்தின் வழியே டெக்சாஸ் மாநிலத்தை வந்தடைந்தால், அது இறக்குமதியான பண்டம் ஆகுமா என்பதே அக்கேள்வி. அக்கோப்பு கப்பலில் வரவில்லை. எந்தச் சுங்கச் சாவடியையும் கடக்கவில்லை. அதற்கு எடையும் இல்லை. ஆயினும் ஒரு நோயாளியின் வாயில் அடுத்த பல மாதங்களுக்கு எந்தப் பல் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை அதுவே தீர்மானித்தது. ‘அலைனர்’ எனப்படும் ஒளிபுகு பிளாஸ்டிக் உறை இத்தகையதொரு வழக்கின் மையப்பொருளானது எவ்வாறு என்பதை அறிய, பல்சீரமைப்பின் வரலாற்றை உழைப்பின் வரலாறாகவும் வாசிக்க வேண்டியுள்ளது.

பிறழ்ந்த பல்லை ஒழுங்குபடுத்தும் முயற்சி பழையது. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், உலோகப் பட்டையொன்றைப் பற்களோடு சேர்த்துக் கட்டி நகர்த்தும் முறையை விவரித்தார். எனினும் அதனைத் தனியொரு துறையாக நிறுவியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். முதல் கடைவாய்ப்பற்களின் பொருத்தத்தை அடிப்படையாகக் கொண்டு அவர் 1899-இல் வெளியிட்ட வகைப்பாடு இன்றளவும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. 1900-இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கெனத் தனிப்பள்ளியொன்றைத் தொடங்கினார். 1920-களின் இறுதியில் அவர் அறிமுகப்படுத்திய எட்ஜ்வைஸ் அமைப்பே, இன்று மக்கள் ‘பல்லுக்குக் கம்பி கட்டுவது’ என்றும் ‘கிளிப் போடுவது’ என்றும் குறிப்பிடும் சிகிச்சையின் மூலவடிவம். தம் கருவிகளுக்கு ஆங்கிள் பல காப்புரிமைகளைப் பெற்றிருந்தார் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பல்சீரமைப்பும் காப்புரிமையும் தொடக்கம் முதலே உடன்வந்தவை.

ஆங்கிளின் மரபில் சிகிச்சையின் அறிவு மருத்துவரின் விரல்களில் குடியிருந்தது. இடுக்கியால் கம்பியை எங்கே, எத்தனை பாகை வளைப்பது என்பது ஆண்டுக்கணக்கான பயிற்சியால் கைவரும் திறன். வாயைப் பார்ப்பவரும் திட்டமிடுபவரும் கம்பியை வளைப்பவரும் ஒருவரே. நோயாளி மாதந்தோறும் வந்துபோகும் நாற்காலியில்தான் சிகிச்சை நிகழ்ந்தது. தவறு நேர்ந்தால் கேள்வி யாரை நோக்கி எழ வேண்டும் என்பதிலும் குழப்பம் இருக்கவில்லை.

பல் நகர்வதன் உயிரியல் அக்காலத்திலேயே ஓரளவு தெளிந்திருந்தது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட் நாய்களிடம் நிகழ்த்திய ஆய்வுகளை 1904, 1905 ஆண்டுகளில் வெளியிட்டார். அழுத்தம் விழும் பக்கத்தில் தாடை எலும்பு கரைகிறது. இழுவிசை உள்ள பக்கத்தில் புது எலும்பு படிகிறது. பல் அவ்வாறே இடம்பெயர்கிறது. மிகுவிசை கொடுத்தால் பல்லைச் சூழ்ந்த திசு நசிந்து, நகர்வு தடைப்படும். விசையை உலோகக் கம்பி தந்தாலும் பிளாஸ்டிக் உறை தந்தாலும் எலும்பின் வேகம் எலும்பினுடையதே. அலைனர் கொண்டுவந்த மாற்றத்தை உயிரியலில் தேடினால் கிடைக்காது. உழைப்பு எங்கே, யாரால் செய்யப்படுகிறது என்பதிலேயே அது நிகழ்ந்தது.

இம்மாற்றத்தின் முதற்கருத்து 1945-இல் தோன்றியது. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த எச். டி. கெஸ்லிங், கம்பிச் சிகிச்சை முடிந்தபின் எஞ்சும் சிறு பிறழ்வுகளைச் சரிசெய்ய, நெகிழும் ரப்பராலான உறையொன்றை உருவாக்கினார். நோயாளியின் பல்வரிசையைப் பிளாஸ்டரில் வார்த்து, பற்களைத் தனித்தனியே அறுத்தெடுத்து, விரும்பிய வரிசையில் மெழுகில் பதித்து, அந்த ஒழுங்கின்மீது உறை வார்க்கப்பட்டது. இத்தகைய உறைகளைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே சென்றால் பெரிய நகர்வுகளும் கைகூடும் என்று கெஸ்லிங் அப்போதே எழுதினார். 1964-இல் ஹென்றி நாஹூம், சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை வெற்றிடத்தால் உறிஞ்சி மாதிரியின்மீது படியவைக்கும் முறையைப் பல்நகர்வுக்குப் பயன்படுத்தினார். 1990-களில் ஜாக் ஷெரிடனின் எசிக்ஸ் உறைகள் பரவலாயின.

கருத்து இருந்தது, பிளாஸ்டிக்கும் இருந்தது. அரை நூற்றாண்டுக்காலம் தடையாக நின்றது கைவேலையே. ஓர் உறை பல்லை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அளவே நகர்த்த வல்லது. ஒருவருக்கு இருபது படிகள் தேவைப்பட்டால், பிளாஸ்டர் பற்களை இருபது முறை பிரித்து, மெழுகில் பதித்து, அளந்து, உறை வார்க்க வேண்டும். அவ்வளவு கூலியை எந்த மருத்துவமனையும் தாங்காது.

விடை பல் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. ஒளியால் பல்லின் அச்செடுக்கும் எண்ணத்தை 1973-இல் லியோன் நகரில் தம் ஆய்வேட்டில் முன்வைத்த பிரான்சுவா துயுரே, துறைக்கு உள்ளிருந்தவர். சக் ஹல் அவ்வாறல்லர். திரவப் பிசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முப்பரிமாண அச்சுக்கு 1986-இல் அவர் காப்புரிமை பெற்றபோது பற்களை எண்ணியிருக்கவில்லை. இத்தகைய நுட்பங்களை ஒன்றிணைத்து, 1997-இல் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கிய சியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் ஸ்டான்ஃபோர்டில் வணிக மேலாண்மை பயின்றவர்கள்; இருவருமே பல் மருத்துவர் அல்லர். வயதுவந்தபின் கம்பி கட்டிக்கொண்ட சிஷ்டி, இறுதியில் அணியத் தந்த தெளிந்த உறையிலிருந்து இக்கருத்தை எட்டினார். 1998-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் இசைவு கிடைத்தது; 1999-இல் இன்விசலைன் விற்பனைக்கு வந்தது.

இங்கு ஒரு நுணுக்கம் கவனத்துக்குரியது. அலைனர் முப்பரிமாண அச்சில் உருவாவதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அச்சிடப்படுவது ஒவ்வொரு படிக்கும் உரிய பல்வரிசையின் பிசின் மாதிரி. அதன்மீது பிளாஸ்டிக் தகடு சூடாக்கிப் படியவைக்கப்பட்டு, வெட்டி எடுக்கப்படுகிறது; வேலை முடிந்ததும் மாதிரி கழிவாகிறது. நாஹூமின் 1964-ஆம் ஆண்டு முறை பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. கெஸ்லிங்கின் மெழுகு மேசை மட்டுமே கணினித் திரையாக மாறியது.

அந்தத் திரைக்கு முன் அமர்ந்தவர்கள் யார்? தொடக்க ஆண்டுகளில் அவர்களுள் பெரும்பாலோர் லாகூரில் இருந்தனர். வாயின் அச்சிலிருந்து பெறப்பட்ட முப்பரிமாண உருவில் ஒவ்வொரு பல்லையும் தனியாகப் பிரிப்பது, ஈற்றின் விளிம்பைத் திருத்துவது, பற்களைத் தொடக்க நிலையிலிருந்து இறுதி நிலைக்குப் படிப்படியாக நகர்த்துவது ஆகியவை அவர்களது பணி. கெஸ்லிங்கின் காலத்தில் கட்டுப்படியாகாத கூலி, தெற்காசியாவில் கட்டுப்படியாயிற்று. எந்திரம் மனித உழைப்பை நீக்கிவிட்டது என்ற விளம்பரச் சித்திரத்துக்குப் பின்னால், உழைப்பு வேறோர் ஊருக்குப் பெயர்ந்திருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு அலைன் அப்பணியை லாகூரிலிருந்து கோஸ்டாரிகாவுக்கு மாற்றியது. திரைவேலைக்குக் கனத்த எந்திரங்கள் தேவையில்லை. வேலை எளிதில் ஊர் மாறியது, பணியாளர்கள் பின்தங்கினர்.

லாகூரின் கதை அத்துடன் முடியவில்லை. அலைனைவிட்டு விலகிய சிஷ்டி 2005-இல் ஆர்த்தோகிளியர் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கி, லாகூரின் அதே திறனை மீண்டும் பயன்படுத்தினார். காப்புரிமை வழக்குகள் தொடர்ந்தன. 2006-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அலைன் 2 கோடி டாலர் செலுத்தியது; ஆர்த்தோகிளியர் அலைனர் தொழிலைக் கைவிட்டது. நடுவழியில் நின்ற அந்நிறுவனத்தின் நோயாளிகளுக்குச் சிகிச்சையை நிறைவுசெய்து தர அலைன் முன்வந்தது. இவ்வெற்றிடத்தில் டெக்சாஸில் தோன்றியதே கிளியர்கரெக்ட். அது அமெரிக்காவில் மாதிரியை ஸ்கேன் செய்து பாகிஸ்தானுக்கு அனுப்பியது. அங்கே பற்களின் இறுதி நிலையும் இடைநிலைகளும் வகுக்கப்பட்டு, கோப்புகள் டெக்சாஸுக்குத் திரும்பின. அங்கே அச்சும் வார்ப்பும் நடைபெற்றன.

காப்புரிமையை மீறிய பண்டங்களின் இறக்குமதியைத் தடுக்க 1930-ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அலைன் அந்த ஆணையத்தை நாடியது. டிஜிட்டல் கோப்பும் பண்டமே என்று ஆணையம் 2014-இல் முடிவுசெய்தது. திருட்டுப் பிரதிகளால் இழப்புறும் திரைப்படத் துறையின் சங்கம் இந்நிலைப்பாட்டை ஆதரித்தது; இணைய நிறுவனங்கள் எதிர்த்தன. மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளுள் இருவர், பண்டம் என்ற சொல் பருப்பொருளையே குறிக்கும் என்று தீர்த்து ஆணையத்தின் முடிவைத் தள்ளினர். புதிய தொழில்நுட்பத்துக்கும் இடமளிக்கும் வகையில் சட்டம் பொருள்கொள்ளப்பட வேண்டும் என்று மூன்றாமவர் மாறுபட்டார். எல்லையைக் கடந்தது பண்டமா, வெறும் தரவா என்பதே வாதம். அதனை உருவாக்கிய தொழிலாளர்கள் வழக்கின் ஆவணங்களில் ‘பாகிஸ்தான்’ என்ற இடப்பெயருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

திரையில் நகரும் பல்லும் வாயில் நகரும் பல்லும் ஒன்றல்ல என்பதையும் இவ்வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்விசலைன் முன்னறிவித்த நகர்வுகள் எந்த அளவுக்கு நிறைவேறுகின்றன என்று 2009-இல் வெளியான கிராவிட்ஸ் குழுவினரின் ஆய்வு அளந்தது. சராசரி 41 சதவீதம். 2020-இல் வெளியான தொடராய்வில் அது 50 சதவீதமாக உயர்ந்தது. கோரைப்பல்லைச் சுழற்றுதல் போன்ற நகர்வுகள் இன்னும் கடினமானவை. நாளொன்றுக்கு 20 முதல் 22 மணிநேரம் அணிய வேண்டிய உறையை நோயாளி கழற்றிவைத்தால் கணிப்பு மேலும் பிறழும். எனவே திட்டத்துக்கும் வாய்க்கும் இடையிலான இடைவெளியைக் கண்டறிந்து திருத்தும் மருத்துவரின் கண் இன்றியமையாதது.

அந்தக் கண்ணை அகற்றிவிடலாம் என்ற வணிக நம்பிக்கையின் விளைவை 2023 காட்டியது. வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் அஞ்சலில் அலைனர் வரும் என்ற முறையில் 2014-இல் தொடங்கப்பட்ட ஸ்மைல் டைரக்ட் கிளப், 2023 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரி, டிசம்பரில் மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் தங்கள் உள்ளூர் மருத்துவரை நாடுமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஆனால் அவ்வாறு நாடுவதற்கு ஒரு மருத்துவரை நேரில் அறிந்திராதவர்கள் அவர்களுள் இருந்தனர். 2006-இல் கைவிடப்பட்டவர்களை ஏற்க ஒரு போட்டி நிறுவனமாவது இருந்தது.

இந்தியச் சூழலில் இவ்வரலாறு வேறொரு கேள்வியை எழுப்புகிறது. 1920-இல் கல்கத்தாவில் ரஃபியுத்தீன் அகமது நிறுவிய கல்லூரியிலிருந்து வளர்ந்த இந்தியப் பல் மருத்துவம், 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்தால் ஒழுங்கமைந்தது. அச்சட்டம் மருத்துவரை மட்டும் குறிப்பிடவில்லை. செயற்கைப் பல்லும் வாய்க்கருவிகளும் செய்யும் ‘பல் மெக்கானிக்’ என்ற கைவினைஞரையும் பெயர்சுட்டி, பதிவுக்கு உட்படுத்தியது. பட்டறை மேசையில் நிகழ்ந்த உழைப்பைச் சட்டம் கண்டுகொண்டது. அதற்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. இதற்கிடையில், அலைனின் தொடக்ககாலக் காப்புரிமைகள் 2017 முதல் காலாவதியாகத் தொடங்கின. இந்திய நகரங்களிலும் அலைனர் நிறுவனங்கள் பெருகின. பற்களைத் திரையில் நகர்த்தும் இளைஞர் பல் மெக்கானிக்கா, மென்பொருள் ஊழியரா, சிகிச்சையைத் திட்டமிடுபவரா? மருத்துவர் ஓர் அழுத்தலில் ஒப்புதல் தரும் திட்டத்துக்கு முழுப்பொறுப்பும் அவருடையதா?

லாகூரின் பணியாளர்களைப் பற்றி எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நிறுவன அறிக்கைகளும் வழக்கின் தாள்களும். அவர்களது பயிற்சி, கூலி, தவறுகளைத் திருத்திய முறை, பல் மருத்துவம் பயிலாமலேயே பற்களைப் பற்றி அவர்கள் ஈட்டிய அறிவு ஆகியவை வாய்மொழியாகப் பதிவுசெய்யப்பட வேண்டியவை. இன்று இந்தியத் திரைகளுக்கு முன் அமர்ந்திருப்போரைப் பொறுத்தவரை அப்பணியை இப்போதே தொடங்க இயலும். திரைவேலை இன்னோர் ஊருக்கோ தானியங்கி மென்பொருளுக்கோ பெயர்ந்துவிட்ட பிறகு, அவர்களும் ஏதோவொரு வழக்கின் தாளில் ஓர் இடப்பெயராக மட்டுமே எஞ்சுவர்.