பெயர்ப் படலம் – 6: எட்டுப் பேருக்கு அப்பன்

எமன் கண்ணில் படாமல் பிள்ளை தப்பட்டும் என்று பிச்சை, குப்பை, மண்ணாங்கட்டி எனப் பெயர் வைத்த கரிசல் தாய்மார்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஒரு ராஜ பெயர். அதைக் காப்பாற்றத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

கோவில்பட்டி டீக்கடை பெஞ்சில் கூட்டாளி ஒருவன் காலை வாரிவிட்டால், "நீ எட்டப்பன்டா" என்று ஒரு குரல் எழும். எதிரே நிற்கும் பஸ்ஸின் பலகையில் எட்டயபுரம் என்று எழுதியிருக்கும். வசவுக்கும் ஊருக்கும் வேர் ஒன்றுதான் என்று அங்கே யாருக்கும் தோன்றாது.

எட்டப்பன் என்பது ஓர் ஆளின் பெயரே இல்லை. கட்டபொம்மன் போல அதுவும் வம்சப் பட்டம். ஜமீனுக்கு வந்தவர்கள் எல்லோருமே எட்டப்பர்கள்தான். அரண்மனை சொல்லும் கதை இது: மூதாதை ஒருவர் சண்டையில் ஒரு மல்லனைக் கொன்றார். செத்தவனுக்கு எட்டுத் தம்பிகள். திக்கற்று நின்ற எட்டுப் பேரையும் கொன்றவரே தகப்பனாக இருந்து வளர்த்தார். ஆகவே எட்டப்பன். கதை நிஜமோ என்னவோ, இவ்வளவு ஈரமுள்ள பட்டத்தை நான் வேறு எந்தப் பாளையத்திலும் கேட்டதில்லை.

1799-ல் கும்பினிப் படையோடு எட்டயபுரம் ஆட்களும் நின்றார்கள். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலேறினார். 1801-ல் ஊமைத்துரையும் வீழ்ந்த பிறகு கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்கச் சொன்னது கும்பினி. (ஊமைத்துரைக்கு இட்ட பெயர் குமாரசாமி. அது இன்று எத்தனை பேருக்கு ஞாபகம்?)

இத்தனைக்கும், கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். தொண்டைமான் என்று யாரும் யாரையும் வைவதில்லை!

எட்டப்பர்கள் அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் கௌரவமாகத்தான் இருந்தார்கள். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் கண் மூடியது அவர்கள் ஆதரவில், அந்த ஊரில். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-ல் அச்சேறியதும் அங்கேதான். பிறகு ம.பொ.சி. கட்டபொம்மனுக்காக எழுதினார், மேடை மேடையாகப் பேசினார். 1957-ல் சிவாஜி கணேசன் நாடகமாக நடித்தார். 1959-ல் பந்துலுவின் படம் வந்தது. கொட்டகை இருட்டில் கேட்டது பட்டிதொட்டியெல்லாம் தங்கிவிட்டது. வங்காளத்தில் கெட்டது மீர் ஜாஃபர் என்ற ஓர் ஆளின் பெயர். இங்கே முன்னோர் பின்னோர் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கெட்டது. அந்தப் பெயரைக் கெடுத்த வருஷம் எது என்று என்னைக் கேட்டால், 1799-ஐ விட 1959-ஐத்தான் சொல்வேன்.

அதே எட்டயபுரத்தில் இன்னொரு பெயரும் பிறந்தது. சின்னசாமி ஐயர் மகன் சுப்பையாவுக்குப் பதினோரு வயதில் கிடைத்த பட்டம்: பாரதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இன்று தமிழர் வைக்கும் பெயர்.

அந்தச் சுப்பையா 1919 ஆகஸ்டில் கடையத்திலிருந்து எட்டயபுரம் மன்னருக்கு ஒரு கடிதம் எழுதினார். 1879-ல் அச்சான எட்டப்பர் வம்ச சரித்திரம், 'வம்சமணி தீபிகை', அதைப் பற்றிய கடிதம். ஜமீனைக் கேலி செய்து 'சின்னச் சங்கரன் கதை' எழுதிய அதே கை, அந்தப் புத்தகத்தை என்ன செய்ய அனுமதி கேட்டது?

அடுத்த வாரம்.