பம்புசெட்டும் யெஸ்டியும்

கரும்பு வெட்டு முடிஞ்ச கையோட கொட்டகையை ஒழிச்சேன். பழைய சாக்கு மூட்டைக்குப் பின்னாடி இருந்து அப்பாவோட யெஸ்டி வெளியே வந்துச்சு. 1981-ல வாங்கின வண்டி. அண்ணாகிராமத்துல இருந்து பண்ருட்டிக்கு பலாப்பழம் கட்டிக்கிட்டுப் போனது, மழையில வரப்பு மேலயே ஏறி வந்தது எல்லாம் இதுலதான். இஞ்சின் இறுகிப் போய் பதினஞ்சு வருஷம் ஆச்சு.

லீவுக்கு வந்திருந்த மச்சான் மகன் பார்த்துட்டு, "மாமா, இதை மோட்டோகிராஸ் வண்டியா ஆக்கிடலாம்"னான். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அவன் சொன்னதுல ஒரு வரலாறு இருக்கு.

யெஸ்டியோட பூர்வீகம் செக் நாடு. அங்கே 1929-ல ஜாவா கம்பெனி பிறந்தது. ஜானெசெக் என்ற முதலாளி பேரும் வாண்டரர் என்ற ஜெர்மன் வண்டிப் பேரும் சேர்ந்ததுதான் 'ஜாவா'. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ஜாவாவும், சீ-செட் என்ற இன்னொரு செக் கம்பெனியும் அரசாங்கத்து கைக்குப் போய் நெருங்கி வேலை செஞ்சன. அந்த சீ-செட் வண்டிதான் 1960-களில் மண் பந்தயத்தை ஆண்டது. பெல்ஜியத்துக்காரர் ஜோயல் ராபர்ட் 1964-ல 250 சிசி உலகப் பட்டம் வாங்கினது அதுலதான். 1966 முதல் 1968 வரை 500 சிசி பிரிவுல பால் ஃப்ரீட்ரிக்ஸ் தொடர்ந்து மூணு பட்டம் வாங்கினதும் அதுலதான்.

நம்ம பக்கம் அந்த வம்சம் வந்தது மைசூர் வழியா. இரானி குடும்பத்தார் அங்கே ஐடியல் ஜாவா ஆலையைத் தொடங்க, 1961-ல இருந்து வண்டி வெளியே வந்தது. 1973-ல பேரு யெஸ்டி ஆச்சு. 1996-ல ஆலையை மூடிட்டாங்க. ஆலை மூடினா வண்டி நிற்காது, ஸ்பேர் நின்னுடும். எங்க கதையும் அங்கேதான் ஆரம்பிக்குது.

இஞ்சினைப் பிரிச்சோம். டூ ஸ்ட்ரோக் வண்டியில கிராங்க் அறையே ஒரு பம்பு மாதிரி. பெட்ரோல் காத்தை உள்ளே இழுத்து மேலே தள்ளுறது அதுதான். அதனால ஆயில் சீல் போச்சுன்னா காத்து கசிஞ்சு வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. சீலும் பேரிங்கும் கவலை இல்லை. அளவைச் சொன்னா பேரிங் கடையில கிடைக்குது. தலைவலி பிஸ்டன்தான். அப்பா ஏற்கெனவே பலமுறை போரிங் பண்ணி, கடைசி ஓவர்சைஸ் வரைக்கும் போயிட்டார். இனிமே கடைய இடமில்லை.

பையன் ஆன்லைன்ல ஒரு பிஸ்டன் வாங்கினான். பளபளன்னு வந்துச்சு. ரிங் சுத்தாம இருக்க பிஸ்டன் பள்ளத்துல ஒரு சின்ன முளை இருக்கும். அது இடம் மாறி இருந்தா ரிங்கோட முனை போர்ட் ஓட்டைக்கு நேரா வந்து மாட்டி உடையும். இதுல மாறித்தான் இருந்தது. அடுத்து சென்னை புதுப்பேட்டையில ரெண்டு நாள் அலைஞ்சோம். மூணாவது கடையில, பழைய பெட்டிக்குள்ள ஸ்டாண்டர்ட் சைஸ் பிஸ்டன் ஒண்ணு, ரிங்கோட கிடைச்சுது.

அதைக் கொண்டுபோய் பண்ருட்டி பக்கத்துல ஒரு லேத் பட்டறையில கொடுத்தோம். மேஸ்திரிக்கு எழுபதுக்கு மேல வயசு. சிலிண்டரைத் தொடறதுக்கு முன்னாடி பிஸ்டனை வாங்கி மைக்ரோமீட்டர்ல அளந்தார். "தம்பி, பிஸ்டன் இல்லாம போரிங் பண்றது, ஆளைப் பார்க்காம சட்டை தைக்கிற மாதிரி"ன்னார். சிலிண்டருக்குள்ள வார்ப்பிரும்பு ஸ்லீவ் இறக்கி, போர்ட் ஓட்டை ஒவ்வொண்ணையும் கையாலயே அரம் போட்டுத் திறந்தார். ஓரம் கூர்மையா இருந்தா ரிங்கை வெட்டிடும்னு ஒவ்வொரு ஓரத்தையும் விரலால தடவிப் பார்த்தார்.

"இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க ஐயா?"ன்னு கேட்டேன்.

"உங்க அப்பா மாதிரி ஆளுங்ககிட்டதான். ஆயில் இஞ்சின் காலத்துல"ன்னார்.

அப்போதான் எனக்கு உறைச்சுது. 1960, 70-களில் எங்க பக்கம் கிணத்துக் கரையில எல்லாம் டீசல் இஞ்சின் பம்புசெட்டுதான். லைனர் தேயும், கிராங்க் போகும், நடவு நேரத்துல நின்னுடும். அதைச் சரி பண்ணத்தான் ஊருக்கு ஊர் லேத் பட்டறை வந்துச்சு. அந்தப் பட்டறையிலதான் புல்லட்டும் ராஜ்தூத்தும் யெஸ்டியும் பிழைச்சுது. அப்புறம் கரண்டு மோட்டார் பரவுச்சு. தமிழ்நாட்டுல 1984-ல சிறு விவசாயிக்கும், 1990-ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் கிடைச்சுது. எங்களுக்கு அது பெரிய வரம், மறுக்கவே மாட்டேன். ஆனா ஆயில் இஞ்சின் கொட்டகைக்குப் போக, பட்டறைக்கு வேலை குறைஞ்சு போச்சு. மேஸ்திரியோட ரெண்டு பசங்களும் லேத் பக்கமே வரல. ஒருத்தர் வெளிநாட்டுல, ஒருத்தர் ஆபீஸ் வேலையில.

நகரத்துல பழைய வண்டி கட்டுற தம்பிகள் ஸ்பேர் கிடைக்கலன்னு வருத்தப்படுறாங்க. ஸ்பேர் எங்கேயாவது ஒரு பெட்டியில கிடைச்சுடும். அதைப் பொருத்துற கைதான் வருஷா வருஷம் குறையுது. அந்தக் கையை வளர்த்தது பந்தயம் இல்லை, எங்க கிணறு.

பையன் லீவை மூணு நாள் நீட்டிக்கிட்டான். மேஸ்திரி பக்கத்துலயே நின்னு அளவை எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டான். மூணாம் நாள் அவர் அரத்தை அவன் கையில கொடுத்து, கடைசி போர்ட்டை அவனையே தேய்க்க விட்டார். "அழுத்தாதே, சும்மா தள்ளு"ன்னார்.

போன ஞாயித்துக்கிழமை அஞ்சாவது உதைக்கு யெஸ்டி கிளம்புச்சு. கொட்டகை முழுக்க நீலப் புகை. அம்மா திண்ணையில இருந்து, "யாரு, அப்பாவா?"ன்னு கேட்டாங்க.

சேஸிஸை வெட்ட நான் சம்மதிக்கல. மோட்டோகிராஸ் ஆசைக்கு எங்க வரப்பே போதும்னு சொல்லிட்டேன். ஆனா அடுத்த லீவுக்கும் பட்டறைக்கு வரேன்னு மேஸ்திரிகிட்ட வாக்கு கொடுத்துட்டுத்தான் பையன் ஊருக்குக் கிளம்பினான்.