தெருமுனைத் தகரமும் வாசல் வேப்பிலையும்



விழா மலர் என்றால் எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்று கணக்கு எழுதுவோம். அதெல்லாம் நம்ம தீர்மானப் புத்தகத்திலேயே இருக்கு. அதில் ஏறாத ஒரு கணக்கு உண்டு. 2020-ல் கொரோனா வந்தபோது நாம ஒருத்தரை ஒருத்தர் எப்படி நடத்தினோம் என்பதுதான் அது. நம்ம பிள்ளைகளுக்காக அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வேப்பிலை சொன்ன சேதி

நம்ம ஊரில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை செருகுவோம். அதைப் பார்த்ததும் கடன்காரர்கூட உள்ளே வர மாட்டார். தாளிக்க மாட்டோம், விருந்தாளியைக் கூப்பிட மாட்டோம். தலைக்குத் தண்ணி ஊத்தும் வரை பிள்ளை ஒரே அறையில் கிடக்கும். ஏற்கெனவே அம்மை வந்து போன பெரியம்மாவோ ஆச்சியோதான் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள். இன்றைக்குத் தனிமைப்படுத்துதல் என்கிறார்களே, அதைத்தான் அன்றே செய்தோம். ஆனால் அந்த வீட்டை யாரும் கேவலமாகப் பேசியதில்லை. தண்ணி ஊத்தியாச்சு என்றால் பழையபடி எல்லோரும் போய் வருவோம்.

வேப்பிலையே நோயை விரட்டியது என்று சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கான உயிரைக் குடித்த பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். 1980-ல் உலகத்திலேயே அது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஊசிக்கு மருந்தின் பலம் இருந்தது. வேப்பிலைக்கு மரியாதை தெரிந்திருந்தது. நமக்கு ரெண்டுமே வேணும்.

1897-ல் வந்த சட்டம்

2020-ல் ஊரடங்கு நேரத்தில் அரசு கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று, வெள்ளைக்காரன் காலத்துக் கொள்ளைநோய்ச் சட்டம். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அடுத்த வருஷம் பிப்ரவரியில் இந்தச் சட்டம் வந்தது. புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். நோயாளிகளை இழுத்துக்கொண்டு போனார்கள், சாமான்களை எரித்தார்கள், பெண்களைச் சோதனை போட்டார்கள். சனங்களின் கோபம் எங்கே போய் முடிந்தது தெரியுமா? பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் 1897 ஜூன் 22 அன்று சுடப்பட்டு, சில நாளில் இறந்தார். நோயைத் தடுக்க வந்தவர்களைப் பார்த்தே சனங்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள்.

அதே புனேயில், அதே வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்த சாவித்திரிபாய் பூலே பிளேக் நோயாளிகளுக்குச் சேவை செய்தார். நோய் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு போனதில் தனக்கும் தொற்றி, மார்ச் 10 அன்று உயிர்விட்டார். ஒரே ஊரில், ஒரே நோய்க்கு இப்படி ரெண்டு வழி இருந்தது.

நம்ம தெருவில்

2020 மார்ச் 24 மாலை நம்ம மாநிலத்தில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. எலுமிச்சை நகரம் என்று பெயர் வாங்கின புளியங்குடியில், ஏப்ரல் மாதம் நோய் கண்டவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். தெருமுனையில் கம்பும் தகரமும் வைத்து அடைத்தார்கள். பரவாமல் இருக்க அது தேவைதான். ஆனால் தகரத்துக்குப் பின்னாடி இருந்தவர்களுக்குப் பால் யார் கொடுப்பது, சர்க்கரை மாத்திரை யார் வாங்குவது? இலையும் தூளும் வராமல் பீடித் தட்டைக் கவிழ்த்து வைத்தவர்கள் எத்தனை பேர்!

அதைவிடப் பெரிய காயம் பேச்சால் வந்தது. டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் என்று தினமும் செய்தியில் சொன்னதால், ஒரு மதத்துக்காரர் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கும் நிலை வந்தது. பக்கத்து வீட்டில் பல வருஷம் நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்த நாமே தூக்குவாளியை நீட்டத் தயங்கினோம். தமிழ்நாடு சுகாதாரத் துறை பிறகு மாநாட்டின் பெயரைச் சொல்வதை விட்டு, ஒரே இடத்திலிருந்து பரவியது என்று பொதுவாகச் சொல்லத் தொடங்கியது. மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் சிலர் மீது போட்ட வழக்கை, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைப் புதைக்க விடாமல் ஏப்ரல் 19 அன்று கல்லெறிந்தார்கள். நம்ம பக்கம் சாத்தான்குளத்தில் ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அப்பா ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கொண்டுபோனது. சில நாளிலேயே ரெண்டு உயிரும் போனது. அங்கே நடந்ததைத் துணிந்து சாட்சி சொன்னவர் ரேவதி என்ற பெண் தலைமைக் காவலர்.

பெண்கள் தலையில்

கடன் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று அறிவித்தது. முதலில் மூணு மாசம், பிறகு ஆகஸ்ட் 31 வரை. ஆனாலும் தவணை கேட்டு வாசலில் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. தள்ளிப்போட்டாலும் வட்டி ஏறும் என்பதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாசம் 500 ரூபாய் வீதம் மூணு மாசம் வந்தது. மே 7 அன்று டாஸ்மாக் கடையைத் திறந்ததும், வேலையில்லாத வீட்டில் அந்தப் பணம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அன்று பல ஊர்களில் பெண்கள் கடை முன்னால் நின்று மறித்தார்கள்.

என் கணக்கு

ஊரைப் பற்றி எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விட்டால் அது பொய்க்கணக்கு. நாமும் முகக்கவசம் தைத்தோம், கபசுரக் குடிநீர் கொடுத்தோம். அதே நேரத்தில் எங்கள் குழு உறுப்பினர் ஒருத்தி குணமாகி, தனிமை நாட்களையும் முடித்துவிட்டுக் குழாயடிக்கு வந்தாள். எல்லோரும் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினோம். நானும் விலகினேன். "மதினி, எனக்கு இப்போ ஒண்ணுமில்ல" என்றாள். நான் கேட்காத மாதிரி நின்றேன். அடுத்த மாசச் சேமிப்பை மகன் கையில் கொடுத்துவிட்டாள், அவள் வரவில்லை. திரும்பக் கூட்டத்துக்கு வர அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இங்கேயும் கேட்கிறேன்.

இனி ஒரு நோய் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் ஊசி போட்டுக்கொள்வோம், விலகி இருப்போம். ஆனால் அடைத்த வீட்டுக்கு அரிசி, பால், மாத்திரை சேர்ப்பது அந்தந்தக் குழுவின் பொறுப்பாக இருக்கட்டும். நோய் வந்தவர் பெயரையும் மதத்தையும் வாட்ஸ்அப்பில் பரப்ப மாட்டோம். குணமாகி வந்தவருக்கு முதல் குடம் தண்ணியை நாமே பிடித்துக் கொடுப்போம். இதையும் நம்ம தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுவோம்.